கவுன்ட்டி விடாது

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. பச்சை அட்டை, அறுபத்து நான்கு பக்கம். 'ஹாலிஸ் கவுன்ட்டி: வெள்ளம் புகும் நிலங்களில் கட்டடம் கட்டுவதற்கான விதிகள்' என்று மேலே அச்சடித்திருக்கும். வீடு வாங்கிய அன்று கவுன்ட்டி ஆபீஸில், அதாவது எங்கள் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில், இலவசமாகக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷமாக என் இல்லற நிம்மதியைக் காப்பாற்றி வந்தது அந்தப் புத்தகம்தான்.

அதைப் படித்தாயா என்று கேட்காதீர்கள். கேடயத்தை யாராவது படிப்பார்களா?

எங்கள் வீடு லிட்டில் ஆட்டர் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆறு நல்ல ஆறுதான். ஆனால் எங்கள் மிசௌரி மாநிலத்தில் வசந்த மழை பிடித்துக்கொண்டால் அதற்குச் சுபாவம் மாறிவிடும். சோளக்கொல்லையைத் தாண்டி வந்து எட்டிப் பார்க்கும். இரண்டு தடவை வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் வரைக்கும் வந்து, முழங்கால் அளவு தங்கிவிட்டுப் போயிருக்கிறது. அதனால் கவுன்ட்டி வரைபடத்தில் எங்கள் நிலத்துக்கு நீல வர்ணம். நீல வர்ணத்தில் எது கட்டுவதானாலும் விதி உண்டு. என்ன விதி என்று எனக்குத் தெரியாது. வெர்னாவுக்கும் தெரியாது. அதுதான் என் பலம்.

வெர்னா என் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். முன்னூறு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிப் பழகியவளுக்கு நான் ஒருத்தன் எந்த மூலைக்கு? அவள் பேச ஆரம்பித்தால் நான் பச்சை அட்டையைத் தட்டுவேன். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

"மெர்ல், சமையலறைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் போட்டுக் குடேன். வாஷிங் மெஷினை மேல கொண்டு வந்துரலாம். பேஸ்மென்ட்டுக்குப் பதிமூணு படி. துணிக்கூடையத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்கி முட்டி கழண்டே போச்சு."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா வெர்னா? கவுன்ட்டி விடாதே!"

"கோழிக்கூடு?"

"கவுன்ட்டி விடாது."

"வேலிக்குப் பெயின்டாவது அடியேன்."

"வெள்ளம் வந்தா பெயின்ட் கரைஞ்சு ஆத்துல கலக்கும். மீனுக்கு ஆகாது. நாப்பத்தோராம் பக்கம்."

இங்கே ஒரு ரகசியம் சொல்கிறேன். வெறும் பொய் சொன்னால் அது பொய். பக்க எண்ணோடு சொன்னால் அது சட்டம்.

நான் சோம்பேறி இல்லை. தானியக் கிடங்கில் வாரம் ஐந்து நாள் மூட்டையோடும் தூசியோடும் மல்லுக்கட்டுகிறேன். சனி ஞாயிறு தூண்டிலும் சாய்வு நாற்காலியும் போதும் என்று நினைக்கிற எளிய மனிதன். சுத்தியல் எடுத்தால் தோள் வலிக்கும். பச்சைப் புத்தகத்தை எடுத்தால் எதுவும் வலிக்காது.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. மீன் ஒன்றும் கிடைக்காமல் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேஜையில் வெர்னா உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில். கையில் பச்சை அட்டை.

தூண்டிலைக் கீழே வைக்கக்கூட மறந்து கேட்டேன்.

"என்ன பண்றே?"

"டோஸ்டர் கேரன்ட்டி கார்டைத் தேடினேன். டிராயர்ல இது கெடைச்சுது. ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு மெர்ல்! நூறு வருஷ வெள்ளம்னா என்னன்னு சொல்லு பாப்போம்."

"நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம். இதுகூடத் தெரியாதா?"

"அதான் இல்லியாம்! எந்த வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பாம். போன வருஷம் வந்துட்டுப் போச்சேன்னு இந்த வருஷம் வராம இருக்காதாம். நீ மனப்பாடமா வெச்சிருக்கியே, இது எப்படி விட்டுப்போச்சு?"

"விட்டெல்லாம் போகல. உன்னைச் சோதிச்சேன்."

"ஓ," என்றாள் வெர்னா. கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

நான் காத்திருந்தேன். 'நாற்பத்தோராம் பக்கத்தில் மீனும் இல்லை, பெயின்டும் இல்லையே' என்று கேட்பாள். 'ரூம் கட்டலாம் என்று போட்டிருக்கிறதே' என்று பாய்வாள். பதில்கூடத் தயார் பண்ணிவிட்டேன்: அது பழைய பதிப்பு. ஆனால் அவள் கேட்கவே இல்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. துணிக்கூடையோடு படி இறங்குகிறாள், ஏறுகிறாள், முனகுகிறாள். ரூமைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். சும்மா இருந்தது என்னைக் குடைந்துவிட்டது.

ஏப்ரலில் ஆரம்பித்தாள்.

"மெர்ல், பின்னாடி இருக்குற கேஸ் தொட்டியைக் கட்டிப் போடணுமாம்."

"எதுக்கு? அதென்ன நாயா?"

"வெள்ளம் வந்தா மிதந்து போயிருமாம். பூமியில நங்கூரம் அடிச்சுப் பட்டை போட்டு இறுக்கணும். உனக்குத் தெரியாததா? இத்தனை நாளா ஏன் கட்டாம விட்டே?"

என்ன சொல்ல? அப்படி ஒரு விதியே இல்லை என்று சொன்னால், 'சரி, எங்கே இல்லை, காட்டு' என்பாள். தெரியும் என்று சொன்னால் கட்ட வேண்டும். தெரியாது என்று சொன்னால் பத்தொன்பது வருஷம் பறிபோகும். கட்டினேன். இரண்டு சனி, ஒரு ஞாயிறு.

பக்கத்து வீட்டு டெல் ப்ரூயிட் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். டெல்லுக்கு மனைவி கிடையாது. அதனால் எல்லா விஷயத்திலும் யோசனை சொல்வான்.

"ஏன் மெர்ல், தொட்டி ஓடிப் போகப் பாத்துதா?"

"விதிப்பா."

"உன் விதியா, கவுன்ட்டி விதியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

மே மாதம் கேம்பர் வண்டி, அதாவது உள்ளேயே படுக்கை இருக்கும் பயண வண்டி. என் கேம்பர் பத்து வருஷமாக வாதுமை மரத்தடியில் செங்கல்மேல் நிற்கிறது. சக்கரம் கழன்று எங்கோ கிடக்கிறது. ஞாயிறு மத்தியானம் அதற்குள் போய்ப் படுத்தால் வெர்னா கூப்பிடுவது கேட்காது. உலகத்திலேயே எனக்குப் பிடித்த வண்டி அது. ஓடாத வண்டி.

"வெள்ள நிலத்துல கேம்பர் நிக்கணும்னா சக்கரம் மாட்டி, லைசென்ஸ் எடுத்து, நெனச்ச நேரம் கெளம்புற மாதிரி இருக்கணுமாம். இல்லேன்னா நூத்தியெண்பது நாளைக்கு மேல நிறுத்தக்கூடாதாம். நம்மது எத்தனை நாளா நிக்குது மெர்ல்?"

"ஒரு... நூத்தி எழுபது இருக்கும்."

"எந்த நூத்தி எழுபது? உள்ள கெடக்குற காலண்டர்ல பத்து வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் தாளு கிழிக்காம கெடக்குதே!"

சக்கரம் தேடினேன், டயர் வாங்கினேன், லைசென்ஸ் எடுத்தேன். இப்போது அந்த வண்டி எந்த நிமிஷமும் புறப்படத் தயார். அதில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. இவை நிஜமாகவே புத்தகத்தில் இருக்கின்றனவா? அல்லது வெர்னா என் வித்தையை என்னிடமே காட்டுகிறாளா? பொய் சொல்லிப் பழகியவனுக்கு இதுதான் தொல்லை. யார் எது சொன்னாலும் தன் குரல் மாதிரியே கேட்கும்.

புத்தகத்தைப் பார்த்துவிடலாம் என்றால், அது டிராயரில் இல்லை. வெர்னாவின் கைப்பையில் இருக்கிறது. கைப்பை எப்போதும் வெர்னாவின் கையில் இருக்கிறது.

"அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடு வெர்னா."

"எதுக்கு?"

"சும்மா, பாக்கத்தான்."

"மனப்பாடமா இருக்குறத எதுக்குப் பாக்கணும்? நான்தான் தெரியாதவ. நான் படிச்சுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் திறந்தேன். மளிகைச் சீட்டு, முட்டிவலித் தைலம், மூன்று பேனா, ஒரு அளவு நாடா. புத்தகம் இல்லை. குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "குளிச்சுக்கிட்டே படிக்கறேன் மெர்ல்! பையை மூடி வை!"

அவளுக்கு அளவு நாடா எதற்கு? அது வேறு என் மண்டையைக் குடைந்தது. பிறகு கவனித்தேன். சாயங்காலங்களில் சமையலறைக்கு வெளியே புல்லில் நின்று சுவரை அளக்கிறாள். குச்சி ஊன்றுகிறாள். வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருகிறாள். கேட்டால், "வேலை இருந்துது" என்கிறாள். என்ன வேலை? பிள்ளைகள் இரண்டு மணிக்கே போய்விடுவார்களே!

ஜூனில் மூன்றாவது விதி வந்தது. அதோடு என் பொறுமை தீர்ந்தது.

"மெர்ல், வண்டிக் கொட்டகை இருக்கே, அதோட சுவத்துல ஓட்டை போடணும்."

"என்னது?"

"ஓட்டை. தரையிலருந்து ஒரு அடிக்குள்ள இருக்கணும். எதிரெதிர் சுவத்துல ஒண்ணாவது. ஒரு சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அங்குலம்னு கணக்கு. வெள்ளம் தாராளமா உள்ள வந்து தாராளமா வெளிய போகணுமாம்."

"வெள்ளம் உள்ள வரக்கூடாதுன்னுதானேடி விதி போடுவான்? உள்ள வர்றதுக்கு வாசல் வெட்டச் சொல்லி எந்த மடையன் விதி போடுவான்?"

"போட்டிருக்கானே."

"போட்டிருக்க மாட்டான்!"

"அப்ப எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலைங்கிறியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். மாட்டிக்கொண்டாள்! தொட்டி, கேம்பர் எல்லாம் நம்பும்படி இருந்தன. இந்த ஓட்டையில் அவள் சாயம் வெளுத்துவிட்டது. ஒரு பொய்க்காரனாகச் சொல்கிறேன்: பொய்யை இவ்வளவு தூரம் நீட்டக்கூடாது.

டெல்லும் அதையே சொன்னான். "கொட்டகைக்குள்ள தண்ணி வர ஓட்டையா? உன்னைக் கேலி பண்றா மெர்ல். நேரா கவுன்ட்டி ஆபீஸுக்குப் போ. எழுதி வாங்கிட்டு வா. அவ மூஞ்சிக்கு நேரா நீட்டு."

திங்கட்கிழமை கிடங்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போனேன். கவுன்ட்டி ஆபீஸின் கவுன்ட்டரில், வெள்ள நிலங்களுக்குப் பொறுப்பான அதிகாரி மிஸ் டில்மன் இருந்தாள். முப்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க நீல வர்ண வரைபடம்.

பெயரைச் சொல்லாமல் ஆரம்பித்தேன். "அம்மா, ஒரு பொதுவான சந்தேகம். எனக்கில்லை, ஒரு சிநேகிதனுக்கு. கேஸ் தொட்டியைக் கட்டிப் போடணும்னு ஏதாவது விதி இருக்கா?"

"இருக்கே. மிதந்து போன தொட்டி பாலத்துல இடிச்சு வெடிச்சா என்ன ஆகும்?"

"சரி. கேம்பருக்குச் சக்கரம், லைசென்ஸ்?"

"கண்டிப்பா வேணும். வெள்ளம் வர்றப்ப அது வண்டியா இருக்கணும். படகா இருக்கக்கூடாது."

"கொட்டகைச் சுவத்துல... ஓட்டை? தண்ணி உள்ள வர்றதுக்கு?"

"ரொம்ப முக்கியமான விதி அது!" என்று அந்தப் பெண் முகம் மலர்ந்து எழுந்தாள். ஒரு காகிதக் கோப்பையை எடுத்து, பக்கத்தில் இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்க்காமல் நேராக அமுக்கினாள். கோப்பை நசுங்கியது. இன்னொரு கோப்பையில் பென்சிலால் இரண்டு ஓட்டை குத்திவிட்டு அமுக்கினாள். தண்ணீர் உள்ளே வந்தது. கோப்பை அப்படியே நின்றது. "வெளிய தண்ணி, உள்ள வெறுமைன்னா சுவர் தாங்காது. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்னா சுவர் நிக்கும். தண்ணி போனதும் தொடைச்சு விட்டாப் போதும்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வந்த காரியத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். நானும் ஒரு கோப்பையை வாங்கி அமுக்கிப் பார்த்தேன். ஓட்டையைப் பெரிதாக்கினால் என்ன, ஒரு பக்கம் மட்டும் போட்டால் என்ன என்று ஏழு கோப்பை நசுக்கினேன். பத்தொன்பது வருஷம் இவ்வளவு சுவாரஸ்யமான புத்தகத்தையா மூடி வைத்திருந்தேன்!

பிறகுதான் நினைவு வந்தது. போனது போகட்டும், கோட்டையையாவது காப்பாற்றலாம்.

"கடைசியா ஒண்ணு. என் சிநேகிதன் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்துல துணி துவைக்க ஒரு ரூம். அதுக்கு நீங்க விட மாட்டீங்கதானே?"

"ஏன் விட மாட்டோம்? வாஷிங் மெஷின் இப்ப எங்க இருக்கு?"

"பேஸ்மென்ட்ல."

"ஐயோ! அதுதான் தப்பான இடம். மெஷின், கரன்ட் சாமான் எல்லாம் வெள்ள மட்டத்துக்கு மேல இருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி. புது ரூமோட தரை, வெள்ள மட்டத்தைவிட ஒரு அடி ஒசரமா இருக்கணும். அனுமதிச் சீட்டு வாங்கணும். அவ்வளவுதான். ரூம் போட்டா எங்களுக்குச் சந்தோஷம்தான்."

பத்தொன்பது வருஷம் நான் கேடயமாகப் பிடித்திருந்தது வெர்னாவின் வாள். நான் அதைக் கைப்பிடிப் பக்கம் அவளுக்குத் தெரியாமல் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

குனிந்து, மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, ஒரு உதவி. என் சிநேகிதனோட மனைவி எப்பவாவது வந்து கேட்டா, இதைச் சொல்லிடாதீங்க."

"உங்க சிநேகிதன் பேரு என்ன?"

"ஸ்டக்கி," என்று வாய் தவறிவிட்டது.

"மெர்ல் ஸ்டக்கியா?" மிஸ் டில்மன் சிரித்தாள். "வெர்னாவை நல்லாத் தெரியுமே! வியாழக்கிழமை தவறாம வருவாங்க. வந்தா பையோடதான் வருவாங்க."

"கைப்பைதானே?"

"சாப்பிடுற பை. மாவுக்குள்ள பழம் வெச்சு சுடுவாங்களே, அது. ஆப்பிள், செர்ரி. போன வாரம் பீச். உக்காந்து ஒவ்வொரு விதியா ஏன் எதுக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. இந்தக் கோப்பை வேடிக்கையே அவங்க சொல்லிக் குடுத்ததுதான். முன்னெல்லாம் நான் வரைபடத்தை வெச்சு மணிக்கணக்கா விளக்குவேன். யாருக்கும் புரியாது."

கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தாள். சமையலறையை ஒட்டி ஒரு அறை, அளவோடு வரைந்திருந்தது. வெர்னாவின் கையெழுத்து. மூலையில் குச்சி ஊன்றிய இடங்கள்கூடக் குறித்திருந்தன.

"நிலத்துல விதிமீறல் ஏதும் இருந்தா அனுமதி குடுக்க மாட்டோம்னு சொன்னேன். தொட்டி, கேம்பர், கொட்டகை மூணும் இருக்கு, ஒவ்வொண்ணா சரி பண்ணிடறேன்னாங்க. முதல் ரெண்டும் முடிஞ்சுதுன்னு போய்ப் பாத்துட்டு வந்தேன். வேலை சுத்தமா இருந்துது மிஸ்டர் ஸ்டக்கி! கொட்டகை ஓட்டை வரும்போது நீங்களே இங்க வருவீங்கன்னும் சொன்னாங்க. வந்ததும் இதுல உங்க கையெழுத்தையும் வாங்கிடச் சொன்னாங்க. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு பாருங்க."

பேனாவும் அவளே நீட்டினாள். அது வெர்னாவின் கைப்பையில் நான் பார்த்த பேனா. கையெழுத்துப் போட்டேன். விதி!

வீட்டுக்கு வந்தேன். வெர்னா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அரைநாள் லீவா?"

"ம்."

"கோப்பை எத்தனை நசுக்குனே?"

"ஏழு."

"நான் பதினொண்ணு," என்றாள்.

அதோடு சரி. திட்டு இல்லை, குத்தல் இல்லை, நாற்பத்தோராம் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவி திட்டாமல் விட்டால் என்ன அர்த்தம் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். மறுநாளே கொட்டகைச் சுவரில் ஓட்டை போட்டேன்.

கோடை முழுவதும் சுத்தியலும் கையுமாக இருந்தேன். தரையைத் தூக்கி நிறுத்தத் தூண், தூணுக்குக் குழி, குழிக்குக் கல். மட்டப்பலகையை வைத்து வெர்னா பார்ப்பாள். "அரை அங்குலம் எறங்கியிருக்கு" என்பாள். இதைவிட ஒரு புருஷனை மட்டம் தட்ட முடியாது. டெல் வேலியோரம் நாற்காலியே போட்டுவிட்டான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பரில் மிஸ் டில்மன் வந்து அளந்து பார்த்து, "வெள்ள மட்டத்துக்கு மேல ஒரு அடி மூணு அங்குலம்" என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெர்னா முதல் தடவையாகப் படி இறங்காமல் மெஷினில் துணி போட்டாள். மூடியை மூடிவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே கட்டியிருக்கலாமோ என்று எனக்கே பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவன் இல்லை நான்.

அக்டோபரில் எனக்கு ஒரு யோசனை. மெஷின் போனதும் பேஸ்மென்ட் காலியாகக் கிடந்தது. சாய்வு நாற்காலி, டிவி, ஒரு சின்ன ஐஸ்பெட்டி. கால்பந்து சீசன். வெர்னா இனி கீழே வர வேண்டிய வேலையே இல்லை. நாற்காலியைப் படிவரை இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

"மெர்ல், அது முடியாதே."

"ஏன்?"

"வெள்ள மட்டத்துக்குக் கீழ இருக்குற இடத்துல வண்டி நிறுத்தலாம், சாமான் போட்டு வெக்கலாம், நடந்து போலாம். அவ்வளவுதான். உக்காந்து டிவி பாக்கக் கூடாது. முப்பத்தாறாம் பக்கம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தொட்டி நிஜம். கேம்பர் நிஜம். சுவரில் ஓட்டைகூட நிஜம். மறுபடி ஆபீஸுக்குப் போய், அந்தப் பெண் முன்னால் இன்னொரு தடவை அசடு வழிய வேண்டுமா? மாட்டேன். எனக்கும் புத்தி வந்துவிட்டது.

"அப்ப நாற்காலிய எங்க போடறது?"

"புது ரூம்ல எடம் இருக்கே. ஜன்னல் வேற இருக்கு. டிவியையும் அங்கேயே வெச்சுக்கோ."

ஆக, மெஷினுக்குப் பக்கத்தில் குடியேறினேன். ஆட்டம் பார்ப்பேன். மெஷின் நின்றால் மணி அடிக்கும். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. எழுந்து துணியைப் பக்கத்திலிருக்கும் உலர்த்தும் மெஷினில் போடுவேன். அது நின்றால் அதுவும் மணி அடிக்கும். எடுத்து மடியில் வைத்துக்கொண்டால், சூடாக, சுகமாக இருக்கும். சும்மா வைத்திருப்பானேன் என்று மடிப்பேன்.

ஜனவரியில் தீயணைப்புப் படைக்காரர்கள் நடத்தும் பான்கேக் விருந்தில் மிஸ் டில்மன் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் பெருமையாக, முப்பத்தாறாம் பக்கத்தை மதித்து பேஸ்மென்ட்டைச் சும்மா போட்டிருப்பதாகச் சொன்னேன்.

"உங்க பேஸ்மென்ட்டுக்கு அந்த விதி கெடையாதே," என்றாள், வாயில் பான்கேக்கோடு. "புதுசாக் கட்டுற வீட்டுக்குத்தான் அது. உங்களது பழைய வீடு. வெள்ளம் வர்ற மாதிரி இருந்தா மேல ஏறி வந்துருங்க. மத்தபடி படுத்துக்கிட்டே டிவி பாருங்க, யார் கேக்கப் போறா?"

பாகு வழிந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இத்தனை மாதம் கழித்து, கடைசியில் ஒரு பொய்! கையும் களவுமாக! புது ரூமில் வெர்னா உலர்த்தியிலிருந்து துண்டுகளைக் கூடைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வெர்னா! பேஸ்மென்ட் விதி நமக்குக் கெடையாது! புது வீட்டுக்குத்தான்!"

"ஆமா," என்றாள்.

"ஆமாவா? உனக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச்லயே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் நெனச்சேன் மெர்ல். நவம்பர்லயே சொல்லியிருப்பேன். அதுக்குள்ள நீ துணி மடிக்க ஆரம்பிச்சுட்டே. ரொம்ப அழகா வேற மடிக்கறே. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, அவள் பான்கேக் சாப்பிடப் போனாள்.